திருவாதிரையை எங்கே பார்ப்பது?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் பேரனை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கும் அழைத்துப்போக ஆசை. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?
– ஒரு வாசகி, பல்லாவரம்

பதில்: முடிக்கலாம். அன்றைக்கே பேரனும் நீங்களும் துவண்டுவிடுவீர்கள், அவ்வளவுதான். நானும் அப்படி ஒரு வீரதீரம் செய்தவன். காலை முழுக்க எழும்பூரில் நடந்துவிட்டு மதியம் கோளரங்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாய்ந்த நாற்காலி, நல்ல இருட்டு. சனிக்கிரகம் வருவதற்குள் கண் சொருகிவிட்டது. "தாத்தா, குறட்டை விடறீங்க" என்று பேத்தி இடித்துத்தான் எழுப்பினாள். அதனால் இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழும்பூர். வெள்ளிக்கிழமை போய் நிற்காதீர்கள், விடுமுறை. உங்கள் ஊரில் மின்சார ரயில் ஏறினால் நேரே கொண்டுபோய் விடும். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. எல்லாக் கூடத்தையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினால் கால்தான் வலிக்கும். திமிங்கில எலும்புக்கூட்டைப் பையனே கண்டுபிடித்துவிடுவான். நீங்கள் அவனைக் கற்கருவிகள் பக்கம் கூட்டிப்போங்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863-ல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது உங்கள் பல்லாவரத்தில்தான். அவர் சேர்த்த கற்கள் பிறகு இங்கேதான் வந்தன. "நம்ம ஊர்க் கல்லுடா" என்று சொல்லிப் பாருங்கள், கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரமாட்டான்.

அப்புறம் வெண்கலக் கூடம். அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார், சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. அவருக்கு உரிய நட்சத்திரம் திருவாதிரை. மார்கழியில் களி கிண்டுகிறீர்களே, அதே திருவாதிரை. இந்தப் பெயரை மட்டும் பையன் காதில் போட்டுவையுங்கள். அடுத்த வாரம் கோளரங்கத்தில் தமிழ்க் காட்சிக்குச் சீட்டு வாங்குங்கள். ஓரியன் என்ற, வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டம் வந்தால், அவன் தோளில் சிவப்பாக ஒன்று தெரியும். வெள்ளைக்காரர் அதை பீட்டல்ஜூஸ் என்பார்கள். நம் திருவாதிரை அதுதான்.

கேள்வி: அதை எங்கள் மொட்டைமாடியிலிருந்தே பார்க்க முடியாதா?
– அதே வாசகி

பதில்: தாராளமாக. மார்கழியில் இரவு எட்டு மணிக்கு மேல் கிழக்கே பாருங்கள். மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மையாக மின்னுவதுதான் திருவாதிரை. நகர்ந்தால் அது மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம்.