உங்கள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் எப்படிப்பட்டவர்கள்? பாடம் தவிர அவர்களுக்கு என்னென்ன ஈடுபாடுகள் இருந்தன?

நான் கடலூரில் படித்தவன். 2011-12இல் பத்தாம் வகுப்பு. என் ஆசிரியர்களைப் பற்றி நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது கணக்கு சாரின் மழை நோட்டுதான்.

மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருந்தது, அவரே செய்தது. மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் ஜாடி, அதன் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் புனல், பக்கத்தில் ஒட்டிய ஸ்கேல். தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து மில்லிமீட்டரில் எழுதுவார். வானிலைத் துறையும் எட்டரைக்குத்தான் அளக்கும், அதனால் தானும் அதே நேரம் என்பார். பள்ளி நாட்களில் அவர் அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பதால் அவர் மனைவி பார்த்து எழுதுவார். இரண்டு கையெழுத்திலும் பல வருட மழை அந்த நோட்டுகளில் இருந்தது.

அந்த வருடம் பத்தாம் வகுப்புக்குச் சமச்சீர் கல்வி முதன்முதலாக வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்டில் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் கைக்குக் கிடைத்தது. அதுவரை என்ன நடத்துவது என்று எல்லோரும் குழம்பியிருந்தபோது இவர் மழை நோட்டுகளை வகுப்புக்குத் தூக்கி வந்துவிட்டார். பத்து வருட நவம்பர் மழையைப் போர்டில் எழுதி சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் அதிலேயே போடச் சொன்னார். "அகலமான அண்டாவை வைத்தால் மழை அதிகமாகக் காட்டுமா?" என்று ஒருநாள் கேட்டார். பாதி வகுப்பு ஆமாம் என்றது. நீர் கூடும், பரப்பும் கூடும், உயரம் மாறாது என்று அவர் விளக்கியபோது கன அளவு எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். அறுபதுக்கு ஐம்பது மீட்டர் மைதானத்தில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் முப்பதாயிரம் லிட்டர். இன்றும் மழை பெய்தால் மனதுக்குள் இந்தக் கணக்கு ஓடும்.

டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் நிமிர்ந்து நின்ற மரம் ஒன்றுகூட இல்லை. பொங்கல் விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஜாடி காற்றோடு போயிருந்தது. நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். பேப்பரில் மழை அளவு வந்ததே, அதை எழுதலாமே என்றேன். "அது அவங்க அளந்ததுடா. நான் அளக்கலையே" என்றார். அவருடைய குணம் முழுவதும் எனக்கு அந்த ஒரு கோட்டில் தெரிகிறது.

தமிழய்யாவுக்கு ஊர்ப்பெயர்ப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், நாங்கள் மூன்று நான்கு பேர் பின்னால் போவோம். கெடிலமும் மற்ற ஆறுகளும் கடலோடு கூடுவதால் கூடலூர், ஆங்கிலேயர் வாயில் கடலூர் ஆகிவிட்டது என்பார். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் தல மரமான பாதிரியைக் காட்டி, புலிக்கால் முனிவர் கதையைச் சொல்லி, பெயரைப் பிரித்துக் காட்டினார். அப்புறம் கரையேறவிட்ட குப்பம். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் மிதந்து வந்து கரை சேர்ந்த இடம் என்று சொல்லப்படும் ஊர். பஸ் போர்டில் தினமும் பார்த்த பெயர்களை எல்லாம் அதற்கப்புறம்தான் நிஜமாகவே படித்தேன்.

பி.டி. சார் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. வாலிபால் வலை கிழிந்தால் புதிது வாங்க எழுதிப் போட்டுக் காத்திருக்க மாட்டார். வலை ஊசியும் நைலான் நூலுமாகக் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து அவரே பின்னிவிடுவார். கை அதுபாட்டுக்கு ஓடும், கண் எங்கள் ஆட்டத்தில் இருக்கும்.

வேதியியல் டீச்சரைப் பற்றித்தான் எனக்கு ஒரு மனக்குறை. ஆண் ஆசிரியர்களின் விருப்பங்கள் எல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தன, ஏனென்றால் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. டீச்சர் பண்ருட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், மணி அடித்ததும் ஓட்டமாகப் போவார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். நாங்கள் அவரைச் சிடுசிடுப்பானவர் என்று நினைத்துக்கொண்டோம். கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அதே பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. பையிலிருந்து பேப்பரை எடுத்து மடித்து வைத்துக் குறுக்கெழுத்து போட ஆரம்பித்தார். "டெய்லி போடுவீங்களா டீச்சர்?" என்றேன். "இருபது வருஷமா. நெல்லிக்குப்பம் வரதுக்குள்ள பாதி முடிச்சிடணும், அதான் கணக்கு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே அன்றுதான். மீதிக் கட்டங்களை இருவரும் சேர்ந்து போட்டோம். எனக்கு மூன்றுதான் தெரிந்தது.

போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். தீபாவளிக்குப் போனில் பேசும்போது குறுக்கெழுத்து எப்படிப் போகிறது என்று கேட்டேன். வீட்டில் உட்கார்ந்து போட்டால் மனசு ஒட்டவில்லையாம். வாரத்தில் ஒருநாள் பேப்பரை எடுத்துக்கொண்டு கடலூர் வரை பஸ்ஸில் வந்து திரும்புகிறாராம்.