உறைபனியில் துளசி மாடம்

கேள்வி: முற்றத்து மாடத்தில் வைக்கும் துளசி மார்கழி தோறும் கருகிவிடுகிறது. வீட்டுக்கு ஆகாது என்று பயமுறுத்துகிறார்கள். ஒரு நாள்கூடத் தவறாமல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறேன். என்ன குறை? — வாசகி, ஊட்டி

பதில்: பாதிக் காரணம் அந்தச் செம்புதான். துளசி வெப்பப் பிரதேசத்துச் செடி. 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுபோகும். ஊட்டியோ 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் குளிர் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். அப்போது வேர் தண்ணீரை இழுக்காது, ஊற்றியது தேங்கி வேர் அழுகும். இலை தொங்குவதைப் பார்த்து, தாகம் என்று இன்னும் ஊற்றுவோம்!

மண்ணை ஒட்டிய தண்டு பழுத்துக் கொழகொழவென்று இருந்தால் அழுகல். நுனி மட்டும் கறுத்திருந்தால் உறைபனி. தண்டை ஒரு குச்சியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும். சகுனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாடத்தில் நேராக நடாதீர்கள். 10 அங்குல மண்தொட்டியில் நட்டு, அதை மாடத்துக்குள் இறக்குங்கள். ஐப்பசி முடிந்ததும், சாயங்காலம் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து, காலையில் பனி விலகியபின் வெளியே வையுங்கள். கோலமும் விளக்கும் மாடத்தில் வழக்கம்போல் இருக்கட்டும். தூக்க முடியாதவர்கள் நான்கு குச்சி ஊன்றி, இலையில் படாமல் துணி போர்த்தலாம். பட்டால், பட்ட இடம் கருகும்.

தேயிலைத் தோட்டத்து மண் புளிப்பு, துளசிக்கு ஒத்துவராது. செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய எரு 1. தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி டோலமைட் (புளிப்பைத் தணிக்கும் சுண்ணாம்புக்கல் தூள்). பூஜைக்கு உத்தரணியால் (தீர்த்தக் கரண்டி) மூன்று முறை விட்டால் போதும். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே நிறையத் தண்ணீர். பால் ஊற்றவே வேண்டாம். எறும்பும் பூஞ்சையும்தான் வரும்.

கேள்வி: துளசிப் பூவைக் கிள்ளுவது பாவமா? துவாதசியில் பறிக்கக்கூடாது என்றால் அர்ச்சனைக்கு என்ன செய்வது? — வாசகர், குன்னூர்

பதில்: கிள்ளத்தான் வேண்டும். கதிர் விதை பிடித்துவிட்டால் இலை சிறுத்து, தண்டு கட்டை தட்டிவிடும். மஞ்சரி என்னும் இந்தப் பூங்கதிர் பெருமாளுக்கு உகந்தது, ஆகவே கிள்ளியதை மாலையில் சேருங்கள். இரண்டு கதிரை மட்டும் பழுப்பாகும்வரை விட்டுவைத்து, உள்ளங்கையில் கசக்கி விதை எடுக்கலாம். பங்குனியில் தூவுங்கள், புதைக்கக்கூடாது, மேலே ஒரு சிட்டிகை மணல் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.

துவாதசி, ஞாயிறு, அமாவாசை, பௌர்ணமி, சூரியன் மறைந்தபின் ஆகிய வேளைகளில் பறிக்காதது பல வீடுகளின் வழக்கம். முந்தின நாள் காலையிலேயே நுனியோடு சேர்த்துக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். துளசிக்குப் பழையது என்ற தோஷம் கிடையாது. காய்ந்த இலையும் ஆகும். பிள்ளையாருக்கு மட்டும் விநாயகர் சதுர்த்தி தவிர மற்ற நாளில் துளசி சாத்துவதில்லை.

கேள்வி: பட்டுப்போன செடியை என்ன செய்வது? — வாசகி, கூடலூர்

பதில்: குப்பையில் போடும் வழக்கமில்லை. மரத்தடியில் புதைக்கலாம். தடித்த தண்டு இருந்தால் நிழலில் உலர்த்தி வையுங்கள், ஜபமாலை மணி கடைய உதவும். அதே குழியில் உடனே புதுக்கன்று வைக்காதீர்கள். அழுகல் நோயாக இருந்தால் மண்ணை மாற்றியபிறகே நடவேண்டும்.