பதில்: மரியோ பவர் டென்னிஸ் (நின்டெண்டோவின் வீ கன்சோல்), கையை வீசினால் தப்பான ஷாட் போகிறது

நண்பரே, டாப்ஸ்பின் (பந்து முன்பக்கம் சுழலும் அடி) அடிக்கப் போனால் ஸ்லைஸ் (பின்பக்கம் சுழலும் அடி) விழுகிறது, டிவி பக்கத்தில் வைக்கும் சென்சார் பாரை இடம் மாற்றியும் சரியாகவில்லை என்கிறீர்கள். பாரை விட்டுவிடுங்கள். அது வெறும் அகச்சிவப்பு விளக்கு. திரையில் சுட்டிக்காட்டுவதற்குத்தான் வேண்டும். வீச்சை அளப்பது நீங்கள் கையில் பிடிக்கும் வீ ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி. அதற்குக் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது, எவ்வளவு வெடுக்கென்று அசைந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

நிஜ டென்னிஸ் ஆடுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். அடிக்குமுன் கையைப் பின்னால் இழுப்பீர்கள் இல்லையா, அந்த இழுப்பையே கேம் வீச்சாக எடுத்துக்கொண்டுவிடும். நானும் ஒரு வாரம் தோள் வலிக்க ஆடிவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன். முழங்கையை இடுப்போடு ஒட்டி, ரிமோட்டை அசைக்காமல் வைத்திருந்து, மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு: மேலே சுண்டினால் டாப்ஸ்பின், கீழே சுண்டினால் ஸ்லைஸ். சுண்டியதும் கையை உடனே பழைய இடத்துக்கு இழுக்காதீர்கள், மெதுவாகக் கொண்டுவாருங்கள்.

ரிமோட்டில் செருகும் கூடுதல் அசைவு சென்சாரான மோஷன்பிளஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், காசுக்குக் கேடு. கேம்கியூபில் (வீக்கு முந்தைய நின்டெண்டோ கன்சோல்) வந்த கேமின் இந்த வீ மறுவெளியீடு வந்தது 2009 தொடக்கத்தில், மோஷன்பிளஸ் வந்தது அதற்குப் பிறகு. இந்த கேம் அதைப் பயன்படுத்தாது.

இதெல்லாம் சலிப்பாக இருந்தால், உங்கள் வீயின் மேல்மூடியைத் திறந்து பாருங்கள். கேம்கியூப் கன்ட்ரோலர் துளைகள் இருந்தால் 2004-இல் வந்த மூல கேம்கியூப் டிஸ்க்கையே போட்டு பட்டனில் ஆடலாம். டிஸ்க்கும் வீயும் ஒரே ரீஜனாக (விற்பனைப் பகுதி) இருக்க வேண்டும். சேமிக்க கேம்கியூப் மெமரி கார்டும் தேவை. எனக்கு அதுதான் பிடித்தம்.