நடை ரக்பி விழா என்றால் என்ன? மூத்தவர்கள் அதில் எப்படிப் பங்கேற்கிறார்கள்?

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி இரு அணிகள் மோதும் ஆட்டம்; அதை ஓடாமல், நடந்தபடியே ஆடுவதுதான் நடை ரக்பி. ஆளைப் பிடித்து வீழ்த்துவது இதில் கிடையாது. பந்து வைத்திருப்பவரைக் கையால் தொட்டாலே அவர் தடுக்கப்பட்டதாகக் கொள்வார்கள். பந்தை முன்னோக்கி எறியக்கூடாது, எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து தரையில் வைத்தால் புள்ளி என்னும் ரக்பியின் அடிப்படைகள் அப்படியே இருக்கின்றன.

ரக்பியில் பலத்த காயங்கள் பெரும்பாலும் மோதலாலும், வேகமாக ஓடித் திடீரெனத் திரும்புவதாலும் ஏற்படுகின்றன. அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது, நெரிசலான ரயில் நடைமேடையில் யார்மீதும் இடிக்காமல் இடைவெளி கண்டு நடப்பவரின் கவனம்தான். இரண்டு பேர் தன்னை நெருங்குவதைப் பார்த்து, அவர்களின் கை படுவதற்குச் சற்று முன்பாகப் பின்னால் வருபவரிடம் பந்தைத் தள்ளிவிடுகிற அந்தச் சாமர்த்தியத்துக்கு வயது தடையே இல்லை. இந்த ஆட்டத்தின் உண்மையான அழகு அதுவே என்பேன்.

விழாவில் பல அணிகள் ஒரே நாளில் குறுகிய ஆட்டங்களாக மாறி மாறி ஆடுகின்றன. வெற்றியைவிடக் கூடி ஆடுவதே நோக்கம். ஆட்டங்களுக்கு இடையே உடல் குளிர்ந்து தசைகள் இறுகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் களமிறங்கும் முன் கை கால்களை அசைத்துத் தளர்த்திக்கொள்வது அவசியம். இதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது பழைய ரக்பி வீரர்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். பந்தையே தொட்டறியாதவர்களும் இதில் தாராளமாகச் சேரலாம்.