மூலிகை ஈயத்தை எடுக்குமா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மூலிகையும் உலோக நஞ்சும் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் ஊர்த் தோட்டத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு, மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான் பதில் சொல்கிறேன்.

அக்கா, பேட்டரிப் பட்டறையில் வேலை. ரத்தத்தில் ஈயம் கூடுதலாம். அம்மா தினமும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்துத் தருகிறார். போதுமா?

போதாது தம்பி. ஈயம் நம் புரதங்களில் இருக்கும் கந்தகப் பகுதியைப் பற்றிக்கொள்ளும். செல்களைக் காக்கும் குளுட்டாதயோனும் குறைந்துபோகும். அப்புறம் ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் அடிவாங்கும். மஞ்சளின் குர்குமின், பூண்டு, முருங்கை இலை இவற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது இந்தச் சேதம் குறைந்தது உண்மை. ஆனால் பல ஆய்வுகளில் உலோகம் கொடுப்பதற்கு முன்போ அதோடு சேர்த்தோதான் மூலிகையைக் கொடுத்தார்கள். எலியின் எடைக்குக் கொடுத்த அந்த அளவு நம் குழம்பு மஞ்சளில் வராது.

மனிதர்களிடம் பார்த்ததில் பூண்டைச் சொல்லலாம். ஈரானில் கார் பேட்டரித் தொழிலாளர்களுக்கு 4 வாரம் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம், அதை வெளியேற்றத் தரும் பெனிசிலமைன் மருந்துக்கு இணையாகக் குறைந்தது என்று 2012இல் எழுதினார்கள். லேசான, நடுத்தரப் பாதிப்புக்குத்தான் அது, அதுவும் மருத்துவக் கண்காணிப்பில்.

நீ முதலில் ஈயம் உள்ளே போவதை நிறுத்து. பட்டறை உடுப்போடு வீட்டுக்குப் போகாதே, பிள்ளைகளுக்கு அந்தத் தூசு பெரிய ஆபத்து. கை கழுவாமல் சாப்பிடாதே. அம்மா தருவதை டாக்டரிடம் மறைக்காமல் சொல். எலும்பில் தங்கிய ஈயம் பல வருஷம் கசியும், அதனால் ரத்தப் பரிசோதனையை விடாதே.

பழைய காலத்தில் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் புல்லுக்கு ஆர்சனிக் மருந்து அடித்தவன் நான். இப்போது கஷாயம் குடித்தால் அது வெளியேறுமா?

ஐயா, அன்று உள்ளே போன ஆர்சனிக்கில் பெரும்பகுதி சில நாட்களிலேயே சிறுநீரில் போயிருக்கும். இப்போது கஷாயம் வெளியேற்ற ஒன்றுமில்லை. ஆனால் அது விட்டுச்சென்ற பாதிப்பு வருஷம் கழித்தும் தலைகாட்டலாம். உள்ளங்கை, பாதத்தில் கெட்டியான முடிச்சு, ஆறாத புண், சிறுநீரில் ரத்தம் இதில் எது தெரிந்தாலும் கிளினிக்குக்குப் போய், அந்த வேலை செய்ததையும் சொல்லுங்கள். எத்தனையோ பேர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள், மனசு கேட்கவில்லை.

ஊரிலிருந்து வந்த செந்தூரம், பற்பம் சாப்பிடலாமா?

எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இதுதான். செந்தூரமும் பற்பமும் உலோகம், தாதுக்களைச் சுட்டுச் செய்யும் பொடி மருந்துகள். உலோகத்தை முறிக்கும் என்று நம்பிச் சாப்பிடுவதிலேயே உலோகம் இருக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமும், பாதரசம் 0.5 மில்லிகிராமும் தாண்டக்கூடாது. டப்பாவில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் அரசுப் பதிவு எண்ணைப் பாருங்கள், பாரம்பரிய மருந்தென்றால் அதில் டி (T) எழுத்து வரும். எண்ணே இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

பட்டறை வடிகால் ஓரத்தில் வல்லாரை செழிப்பாக இருக்கிறது. பறிக்கலாமா?

வேண்டாம். மண்ணில் உள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். காட்மியம் சிறுநீரகத்தில் 10 வருஷத்துக்கு மேல் தங்கும். வீட்டில் நல்ல மண் போட்டுத் தொட்டியில் வளருங்கள்.

கர்ப்பமாக இருக்கும் மகளுக்கு என்ன கொடுக்கலாம்?

இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக இழுக்கும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள். முருங்கைக்கீரையைச் சமைத்துத் தாராளமாகக் கொடுங்கள். வேர், பட்டை மட்டும் வேண்டாம்மா.