கரண்ட் போனால் மெமரி கார்டும் போகிறதே!

கேள்வி: தளி பக்கம் ரோஜா பாலிஹவுஸ் வைத்திருக்கிறேன். வெப்பமும் ஈரப்பதமும் பதிவாக ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டை மாட்டி, அதன் மெமரி கார்டில் ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். போட்டிருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் சில நேரம் பூட் ஆவதில்லை, கார்டை மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் உபுண்டு ஓ.எஸ். போட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். மாற்றட்டுமா சார்?

பதில்: மாற்றாதீர்கள். இரண்டுமே டெபியன் என்ற லினக்ஸ் ஓ.எஸ். வழி வந்தவைதான். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எந்த லினக்ஸும் அடிபடும். பை 3-இன் 1 ஜி.பி. ராமுக்கு, ராஸ்பெர்ரி பை ஓ.எஸ்.ஸின் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பே போதும்.

தர்மபுரியில் என் சர்வீஸ் கடைக்கு இப்படி வரும் போர்டுகளில் நான் முதலில் பார்ப்பது சார்ஜரையும் ஒயரையும்தான். பை 3-க்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜரில் நீளமான மெல்லிய ஒயரைச் செருகினால் போர்டுக்கு வந்து சேர்வதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். ஓ.எஸ். தானே எழுதிவைக்கும் கெர்னல் லாகில் 'அண்டர்வோல்டேஜ்' (வோல்டேஜ் குறைவு) என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கார்டைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து, ராஸ்பி-கான்ஃபிக் (raspi-config) என்ற செட்டிங்ஸ் மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸுக்குள் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் இருக்கும். அதை ஆன் செய்தால் எழுதுவதெல்லாம் ராமுக்குப் போகும், கார்டைத் தொடாது. நடுவில் கரண்ட் போனாலும் கார்டு பத்திரம். ஆனால் ராமில் உள்ள வெப்பப் பதிவு அழிந்துவிடும் என்பதால் அதை மட்டும் பென்டிரைவுக்கு அனுப்புங்கள். புதிய பதிப்புகளில் ஓவர்லே பென்டிரைவையும் சேர்த்து மூடிவிடுவது உண்டு, அதில் எழுதுவதும் ராமுக்கே போய்விடும். அப்படியானால் பூட் ஆகும்போது படிக்கப்படும் சிஎம்டிலைன் (cmdline.txt) கோப்பில் 'ஓவர்லேரூட்' (overlayroot) என்பதோடு 'ரிகர்ஸ்=0' (recurse=0) சேர்க்க வேண்டும். ஒருமுறை ரீபூட் செய்து, எழுதியது அப்படியே இருக்கிறதா பார்த்த பிறகே நம்புங்கள். அப்டேட் போடும் நாளில் மட்டும் ஓவர்லேயை ஆஃப் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். பை 3-இல் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. நெட் இல்லாமல் எழுந்தால் பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். மதியம் இரண்டு மணி வெயில் காலை ஏழு மணிக் கணக்கில் பதிவானால், பனிபோல் நீர் தெளிக்கும் ஃபாகரை எப்போது போடுவது என்று அதைப் பார்த்து எப்படி முடிவு செய்வீர்கள்? பட்டன் பேட்டரி போட்ட டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை மாதிரியே இருக்கும் வேறு கம்பெனி போர்டான ஆரஞ்சு பை வாங்கினேன். ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். எழுதிப் போட்டால் திரையில் ஒன்றுமே வரவில்லை. போர்டு கெட்டுவிட்டதா அண்ணா? (கல்லூரி மாணவி, பென்னாகரம்)

பதில்: இதை வைத்துப் போர்டு கெட்டது என்று சொல்ல முடியாதும்மா. வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த உதிரி எங்கே இருக்கிறது என்று பயாஸ் என்ற தொடக்க புரோகிராம் லினக்ஸுக்குச் சொல்லிவிடும். இந்த மாதிரி ஏ.ஆர்.எம். வகை சிப் போர்டுகளில் அந்த விவரம் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பும், ஓ.எஸ்.ஸை எழுப்பிவிடும் பூட்லோடரும் போர்டுக்குப் போர்டு வேறு. உன் போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து, அதே பெயருக்கான ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் ஓ.எஸ். இமேஜை எடு. ஆரஞ்சு பை ஜீரோவில் இருப்பது எச்2+ சிப், ஜீரோ 2-இல் எச்616. ஒன்றுக்கான இமேஜ் மற்றதில் ஓடாது.