பிள்ளைகளின் இதயப் படபடப்பும் அப்லேஷனும்: கேள்வி பதில்

பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளுக்குக் குழந்தைகள் இதய மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

மகளுக்கு ஒன்பது வயது. விளையாடும்போதே "நெஞ்சு அடிச்சுக்குது" என்று வந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் சரியாகிவிடுகிறது. இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். பயம்தான் காரணம் என்கிறார்கள்.

படபடப்பு எப்படித் தொடங்குகிறது, எப்படி நிற்கிறது என்று அவளிடமே கேளுங்கள். ஓடினாலோ பயந்தாலோ கூடும் துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இதயத்தின் மின்னோட்டம் தவறிச் சுற்றுவதால் துடிப்பு மிக வேகமாகும் எஸ்விடி என்கிற கோளாறில் சட்டென்று தொடங்கி, சட்டென்று நிற்கும். நிமிடத்துக்கு 180க்கு மேல், சிலருக்கு 250 வரைகூடப் போகும். கழுத்து துடிப்பது கண்ணுக்கே தெரியும்.

நின்ற பிறகு எடுக்கும் இசிஜி பல பிள்ளைகளுக்கு நார்மலாகத்தான் இருக்கும். அதை வைத்துப் பயம் என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வளரிளம் பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. துடிக்கும் நேரத்துப் பதிவுதான் வேண்டும். அடுத்த முறை வந்தால், பக்கத்தில் இசிஜி எடுக்கும் எந்த கிளினிக்காக இருந்தாலும் போய், அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். குழந்தை சுருண்டு விழுந்தால் மட்டும் பதிவைப் பற்றி யோசிக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்லேஷன் என்றால் நெஞ்சைத் திறப்பார்களா?

படபடப்பை உண்டாக்கும் உபரி மின்பாதையை அழிப்பதுதான் அப்லேஷன். ஒரு காலத்தில் அதற்கு நெஞ்சைத் திறந்தார்கள். 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதயத்தின் உபரி மின்பாதையைக் கத்தியால்தான் வெட்டினார்கள். இப்போது தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாய்கள் உள்ளே போகின்றன. குழந்தை மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போக இயல்பாக இருப்பது ஏவி கணு என்ற ஒரே வாசல். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இன்னொரு தசை இழை பாலம் போட்டிருக்கும். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறி மின்சாரம் சுற்றத் தொடங்கினால் அதுதான் படபடப்பு. அந்த இழை எங்கே என்று தேடுவதில்தான் நேரம் போகும். கிடைத்ததும் கதீட்டரின் நுனியால் அங்கே சூடு வைப்போம். இடம் சரியென்றால் சில விநாடிகளில் திரையில் டெல்டா அலை (உபரிப் பாதை இசிஜி கோட்டில் காட்டும் சாய்வு) மறைந்து, இசிஜி கோடு இயல்பான வடிவத்துக்கு வரும். அந்த நேரத்தில் அறையில் யாரும் வேறெங்கும் பார்க்க மாட்டோம்.

பெரும்பாலும் மறுநாளே வீடு. ஒரு வாரம் ஓட்டம், சைக்கிள் வேண்டாம். அப்புறம் வழக்கம்போல்.

மூன்று மாதக் கைக்குழந்தைக்கு எஸ்விடி. மருந்து மட்டும் தருகிறார்கள். அப்லேஷன் செய்து ஒரேயடியாக முடித்துவிடக் கூடாதா?

உங்கள் டாக்டர் செய்வது சரி. இந்த வயதில் வரும் எஸ்விடி பல குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே அடங்கிவிடும். சிலருக்குப் பள்ளி வயதில் திரும்ப வரலாம். இன்னொரு காரணமும் உண்டு: இதயம் வளரும்போது சூடு வைத்த தழும்பும் சேர்ந்து பெரிதாகலாம் என்று ஆட்டுக்குட்டிகளில் செய்த ஆய்வு காட்டியது. அதனால் முடிந்தவரை 15 கிலோ எடை வரும்வரை காத்திருப்போம். மருந்துக்கு அடங்காமல் இதயம் பலவீனமானால் மட்டும் முன்கூட்டியே செய்வோம்.

பால் குடிக்க மறுப்பது, வெளிறிப்போவது, வியர்ப்பது, மூச்சு வாங்குவது தெரிந்தால் உடனே கிளம்புங்கள். முகத்தில் ஐஸ் பை வைக்கும் முறையை டாக்டரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணை அழுத்தினால் துடிப்பு நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கண்ணே கெட்டுவிடும்.

நான் பிளஸ் ஒன், கபடி ஆடுகிறேன். மெடிக்கல் செக்கப்பில் டபிள்யூபிடபிள்யூ என்று வந்தது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே?

தம்பி, தொந்தரவு இல்லாதது நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. 1930இல் வுல்ஃப், பார்கின்சன், வைட் என்ற மூவர் விவரித்ததால் அந்தப் பெயர். உபரிப் பாதை இசிஜியிலேயே தெரிகிறது என்று பொருள். மேலறை எப்போதாவது தாறுமாறாகத் துடித்தால், வேகமாகக் கடத்தும் பாதை அத்தனையையும் கீழறைக்கு இறக்கிவிடும். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து.

முதலில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். வேகம் கூடும்போது டெல்டா அலை சட்டென்று காணாமல் போனால், ஆபத்து குறைவு. இல்லாவிட்டால் கதீட்டர் வைத்து அளப்பார்கள். மேலறை தாறுமாறாகத் துடிக்கும்போது கீழறையின் இரண்டு அடிகளுக்கு நடுவே 250 மில்லி விநாடியோ அதற்குக் குறைவோ வந்தால், அப்லேஷன் செய்துகொள் என்றுதான் சொல்வேன். பரிசோதனை முடியும்வரை மைதானம் வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த இசிஜியைக் காட்டு, வெராபமில், டிகாக்சின் போன்ற மருந்துகள் உனக்கு ஆகாமல் போகலாம்.

மகளுக்குப் பாதை ஏவி கணுவுக்கு ஒட்டியே இருக்கிறதாம். பேஸ்மேக்கர் வைக்க நேருமோ?

நியாயமான பயம். அங்கே சூடு தவறிப் பட்டால் கணுவும் போய்விடும். அதனால்தான் அந்த இடத்தில் குளிர் முறையை நான் விரும்புகிறேன். முதலில் மைனஸ் 30 டிகிரி அளவில் சோதித்துப் பார்ப்பார்கள். கணு தடுமாறினால் உடனே நிறுத்திவிடலாம், பொதுவாகப் பழையபடி திரும்பிவிடும். சரியாக இருந்தால்தான் மைனஸ் 70க்குக் கீழே இறக்குவார்கள். படபடப்பு திரும்ப வரும் வாய்ப்பு இதில் சற்று அதிகம். பேஸ்மேக்கரோடு வாழ்நாள் முழுக்க இருப்பதைவிட இன்னொரு முறை செய்துகொள்வது எவ்வளவோ மேல்.

அண்ணன் மகன் ஓடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தான். அவன் சித்தப்பா சின்ன வயதில் தூக்கத்திலேயே இறந்தவர். அப்லேஷனுக்கு எங்கே போகலாம்?

நீங்கள் எழுதியதைப் படித்ததும் கவலையாக இருக்கிறது. நீண்ட க்யூடி, சிபிவிடி போன்ற, இதயத் துடிப்பை ஆபத்தாகத் தடம் மாற்றும் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அவற்றில் வெட்டிவிட ஒரு உபரிப் பாதை இருக்காது. பீட்டா பிளாக்கர் மாத்திரைதான் முதல் சிகிச்சை. ஓட்டம், நீச்சல் எல்லாவற்றையும் இன்றே நிறுத்தி, நாளைக்கே குழந்தைகள் இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சித்தப்பா இறந்த விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள். பையனின் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இசிஜி எடுக்க வேண்டும்.